மிதித்துப் பிடித்தவள்

லாரிக் கதை சொல்கிறவர்கள் முதலாளியைச் சொல்வார்கள், ஓட்டுநரைச் சொல்வார்கள், மெக்கானிக்கைச் சொல்வார்கள், புது வண்டியின் சக்கரத்தடியில் நசுங்குகிற எலுமிச்சம்பழத்தைக்கூட விடாமல் சொல்வார்கள். பிரேக்கில் காற்று எடுக்கும்போது மேலே இருக்கையில் உட்கார்ந்து மிதித்துப் பிடிக்கிறவளை மட்டும் யாரும் சொல்வதில்லை. கீழே படுத்திருப்பவனுக்குப் பெயர் உண்டு, முகத்தில் வழிகிற எண்ணெய்க்கு ஒரு மரியாதையும் உண்டு. மேலே இருப்பவள் வெறும் கால். அந்தக் காலின் பெயர் அத்தாயி. வண்டியை வாங்க வந்திருக்கிறீர்கள். அவளைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வண்டியை நீங்கள் வாங்க முடியாது. நான் விற்கவும் மாட்டேன்.

உட்காருங்கள். காப்பி கலந்திருக்கிறேன். துறையூரிலிருந்து வந்த மனிதரை வெயிலில் நிறுத்தி, டயரைத் தட்டிக் காட்டுவது தரகர்களின் வேலை. என் பெயர் முனைவர் மங்கையர்க்கரசி. சேந்தமங்கலத்தில் எல்லோரும் டீச்சர் என்பார்கள். நான் டீச்சர் இல்லை, கல்லூரியில் இயற்பியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் அந்தப் பெயரில் மட்டும்தான் இருக்கிறது, அது வேறு வழக்கு. என் ஆய்வுப் பட்டம், வெப்பத்தில் உலோகப் பரப்புகளுக்கு இடையே நிகழும் உராய்வைப் பற்றியது. பிரேக்கைப் பற்றியது என்று எளிமையாகப் புரிந்துகொள்ளுங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. நான் பேசி முடிக்கும்வரை குறுக்கே கேட்காதீர்கள். கேள்விகள் கடைசியில். பதினாறு ஆண்டுகளாக என் வகுப்பில் அதுதான் விதி. அந்த விதியால் இதுவரை யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

என் கணவர் நல்லுசாமி இந்த வண்டியின் உரிமையாளர், ஓட்டுநர், இரண்டும் அவர்தான். கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் ஏற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, கீழே கொண்டுவந்து சேர்ப்பது தொழில். அத்தாயி சந்தையில் சுமை தூக்குகிறவள். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் பதினைந்து கிலோ பழம், அதைத் தூக்கி வண்டிமேல் நிற்பவரிடம் கொடுப்பது. கணவன் திருப்பூருக்குப் போனவன் திருப்பூரிலேயே இருந்துவிட்டான். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் அப்போது பத்தாம் வகுப்பு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் சித்திரை மாதம். நல்ல பாரம். அத்தாயி கீழே இறங்க வேண்டியிருந்ததால் பாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சரக்கு வண்டியில் சரக்கின் மேல் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. செய்தோம். நான் மறைத்துப் பேசுகிறவள் இல்லை.

கீழிருந்து எண்ணினால் நாற்பத்து மூன்றாம் வளைவில் பெடல் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. பின்சக்கர டிரம்மிலிருந்து தீய்ந்த வாடை வந்துகொண்டே இருந்ததாம். என் கணவர் அதை யாரோ காட்டில் எரிக்கிறார்கள் என்று நினைத்தாராம். ஒரு நல்ல காரியம் செய்தார். பள்ளத்தின் பக்கம் போகவிடாமல் வண்டியை மலையோடு சேர்த்து முட்டினார். வண்டி நின்றது. பழங்கள் நிற்கவில்லை. சில பழங்கள் நாற்பதாம் வளைவுவரை உருண்டுபோய் வண்டியை முந்திக்கொண்டன. அத்தாயி பழங்களோடு விழுந்தாள். இடது தோள் இறங்கிவிட்டது.

"வண்டிக்குக் கண்ணு பட்டிருக்குது அரசி. ஒரு பூசணிக்காய் சுத்திப் போட்டுட்டா தீந்துது" என்றார் என் கணவர்.

"டிரம் பிரேக் என்பது மூடி போட்ட சட்டி. தொடர்ந்து மிதித்தால் உள்ளே வெந்து பிடிப்பு போய்விடும். பூசணிக்காய்க்கு வெப்பக் கடத்துதிறன் மிகக் குறைவு" என்றேன் நான்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சொன்னது புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

முடிவு செய்தேன். முன்சக்கரங்களில் ஏற்கெனவே டிஸ்க் இருந்தது. பின்சக்கரத்து டிரம் இரண்டையும் கழற்றிவிட்டு அங்கேயும் டிஸ்க் மாட்டுவது. காற்றில் திறந்து கிடக்கும் தட்டு, வெப்பம் தங்காது. கணக்குப் போட்டேன், படம் வரைந்தேன், விடைத்தாள்களின் பின்பக்கத்தில் பதினோரு பக்கம் வந்தது. எடுத்துக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டியில் லத்தீப் பாய் பட்டறைக்குப் போனோம். பாய் முப்பது வருட மெக்கானிக். படிப்பு ஐந்தாவதோ ஆறாவதோ.

அன்றைக்கு அத்தாயியும் அங்கே வந்திருந்தாள். நாட்டு வைத்தியர் முட்டைப்பற்றுப் போட்டுக் கட்டிய தோளோடு, பட்டறை ஓரத்தில் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். எதற்கு வந்தாள் என்றால், வேலை கேட்டு வந்தாள். பழம் தூக்க முடியாதவளுக்குச் சந்தையில் என்ன வேலை? வண்டியைக் கழுவுகிறேன், தார்ப்பாய் கட்டுகிறேன் என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் தார்ப்பாய் கட்ட முடியாது.

பாய் அவளைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். "இந்தப் புள்ள இனி என்னங்க பண்ணும்?" என்றார்.

"அது இன்றைய பொருள் இல்லை பாய்" என்று சொல்லிப் படத்தை விரித்தேன்.

நாற்பது நிமிடம் விளக்கினேன். எடுத்த எடுப்பிலேயே, டிரம்மைக் கழற்றுவது என்று தொடங்கியதும், பாய் கையைத் தூக்கினார்.

"டீச்சருங்க, அந்த டிரம்முக்குள்ளதானுங்க..."

"கேள்விகள் கடைசியில் பாய்."

"இல்லீங்க, கழட்டுனா அப்பறம்..."

"கடைசியில்."

கையை இறக்கிவிட்டார். முதுகலை மாணவர்களிடம்கூட நான் காணாத ஒழுங்கு. நான் பேசி முடித்து, "இப்போது கேளுங்கள்" என்றபோது பாய் தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது நான் கல்லூரிக்குப் போயிருந்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. கேள்வி இல்லையென்றால் பாடம் புரிந்துவிட்டது என்றுதானே பொருள்?

உடைக்கப் போட்டிருந்த ஒரு வேனிலிருந்து டிஸ்க்கும், அதைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் இரண்டும் கிடைத்தன. லேத்துப் பட்டறையில் தகடு வெட்டி, துளை போட்டு, ஆக்சிலில் உட்காரவைத்தார் பாய். கேலிப்பர்களை வேனிலிருந்து கழற்றும்போது நானே சாக்பீஸால் 'இடம்', 'வலம்' என்று எழுதிக் கொடுத்தேன். வேனின் முகத்தைப் பார்த்தபடி நின்று எழுதினேன். ஆசிரியர் எப்போதும் எதிரே பார்த்து நிற்பவர். என் இடம், வகுப்புக்கு வலம். பாய் பின்பக்கம் நின்று மாட்டியிருக்கிறார். இதைப் பிற்பாடு எல்லோரும் என் தவறு என்றார்கள். வேன் என் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்தால் சரியாகவே இருந்திருக்கும்.

பிறகு காற்று எடுக்கும் வேலை. பிரேக் ஆயில் போகிற குழாயில் காற்று இருந்தால் பெடல் அமுங்கும், பிரேக் பிடிக்காது. ஒருவர் மேலே உட்கார்ந்து மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே கேலிப்பரில் இருக்கிற சிறு திருகைத் தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும். மேலே முதலில் உட்கார்ந்தவள் நான்தான்.

"மிதிங்க" என்றார் பாய் கீழேயிருந்து.

"எவ்வளவு விசையில்?" என்றேன்.

"மிதிங்க டீச்சர்."

"விசையைச் சொல்லாமல் மிதித்தால் அளவீடு எப்படி ஒழுங்காக வரும்?"

வண்டிக்கடியில் ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு பாய் வெளியே தலையை நீட்டினார். "நல்லுசாமி, கேக்காம மிதிக்கிற ஆளு யாராச்சும் இருந்தா ஏத்துப்பா."

டயர்மேல் உட்கார்ந்திருந்த அத்தாயி எழுந்து வந்தாள். வலது கையால் பிடித்து ஏறி, இருக்கையில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"மிதி புள்ள." "ம்." "புடிச்சுக்க." "ம்." "உடு." "ம்."

இரண்டு நாள். ஐந்து புட்டி ஆயில். எத்தனை முறை எடுத்தாலும் பெடல் இட்லி மாதிரி அமுங்கியது. நான் திரவ இயக்கவியல் நூலைக் கொண்டுவந்து பட்டறையிலேயே உட்கார்ந்து படித்தேன். என் கணவர் பூசணிக்காயே வாங்கி வந்துவிட்டார். இரண்டாம் நாள் மதியம் தண்ணீர் குடிக்க இறங்கிய அத்தாயி, குனிந்து சக்கரத்தின் உள்ளே பார்த்தாள்.

"ஏனுங்க பாய், அந்தத் திருகாணி அடியிலயா இருக்கோணும்?"

"ஏன் புள்ள?"

"கொடத்தைக் கவுத்து முக்குனா காத்து உள்ளயேதானுங்க நிக்கும். வாய் மேல இருந்தால்ல வெளிய போகும்?"

பாய் என்னைப் பார்த்தார். "அதைத்தான் நான் சொல்ல வந்தேன்" என்றேன். கேலிப்பர்களைப் பக்கம் மாற்றி மாட்டினார்கள், திருகு மேலே வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் பெடல் கல்லாகிவிட்டது. பூசணிக்காயைப் பட்டறையிலேயே கூட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

பழைய டிரம், அதற்குள் உரசிப் பிடிக்கிற ஷூ எல்லாவற்றையும் இரும்புக்குப் போடச் சொன்னேன். போட்டார்கள். ஒரு நீளமான கம்பிக் கேபிளை மட்டும் பாய் கிரீஸ் தடவி, செய்தித்தாளில் சுற்றி, சுவர் ஆணியில் மாட்டினார். "அது எதற்கு?" என்றேன். "கெடக்கட்டுங்க" என்றார். வேண்டாததைச் சேர்த்துவைப்பது இந்தத் தொழிலின் நோய்.

வைகாசி, முதல் நடை. இறங்கும்போது பிரேக் கத்தியாக நின்றது. அதைச் சொல்லாமல் எனக்கு அநீதி செய்யாதீர்கள். சிக்கல், மேலே ஏறியபோதே சந்தையில் வந்தது. சோளக்காட்டுச் சந்தை சரிவில் இருக்கிறது. என் கணவர் வண்டியை நிறுத்தினார், கை பிரேக்கை இழுத்தார், அது வழக்கம்போல 'டர்ர்' என்றது, இறங்கி டீக்கடைக்கு நடந்தார். வண்டி அவர் பின்னாலேயே நடந்தது. அவசரப்படவில்லை. ஒரு நல்ல நாய் எசமானின் பின்னால் போவதுபோல, கொஞ்சம் இடைவெளி விட்டுப் போனது என்றார்கள்.

வண்டிக்குள் இடப்பக்கம் அத்தாயி. சந்தைக்கு வேறு வேலை தேடிப் போகிறவளை ஏற்றி வந்திருந்தார். அவள் கத்தவில்லை. நகர்ந்து வந்து, இரண்டு நாள் பழகிய அந்த ஒரே இடத்தில் காலை வைத்து மிதித்துப் பிடித்தாள். டீக்கடையின் பாய்லருக்கு இரண்டு அடி முன்னால் வண்டி நின்றது. உள்ளே ஒன்பது பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் அப்போதுதான் தெரிந்தது. கை பிரேக் பிடிப்பது பின்சக்கர டிரம்மில். கேபிள் அங்கேதான் போகிறது. டிரம்மைக் கழற்றினால் கை பிரேக்கும் போய்விடுகிறது. லிவர் இருக்கிறது, சத்தம் இருக்கிறது, பிரேக் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர் பாய். அவர் ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

"உடு புள்ள, கல்லு வச்சாச்சு" என்று என் கணவர் சொல்லும்வரை அவள் காலை எடுக்கவில்லை. அடுத்த நாள் காலை அத்தாயி வீட்டின் முன் வண்டி நின்றது. அன்று முதல் அந்தப் பலாப் பருவம் முழுவதும், பாரம் ஏற்றும் மூன்று மணி நேரமும், இறக்கும் இரண்டு மணி நேரமும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மிதித்துப் பிடிப்பது அத்தாயியின் வேலை ஆயிற்று. பழம் தூக்கியதற்கு என்ன கூலியோ அதே கூலி. எங்கள் வண்டியின் கை பிரேக் அவள்தான்.

முதல் கியரில் போட்டு நிறுத்தியிருக்கலாமே என்று கேட்க வாயெடுக்கிறீர்கள். கேள்விகள் கடைசியில் என்றேன். இருந்தாலும் சொல்கிறேன். நானும் கேட்டேன். "கியர்ல போட்டு நிறுத்துனா கியர்ப்பல்லு போயிரும் அரசி" என்றார் என் கணவர். பாயும் தலையாட்டினார். பல்சக்கரம் என் துறை இல்லை. துறை வல்லுநர் இருவர் சொன்னால் ஒப்புக்கொள்வதுதான் அறிவியல் மனப்பான்மை.

சக்கரத்துக்குக் கட்டை வைக்கலாமே என்பீர்கள். வேப்ப மரத்தில் ஆப்பு செய்து கொடுத்தேன். மறுநாள் காணவில்லை. இன்னொன்று செய்தேன், அதுவும் காணவில்லை. மூன்றாவது ஆப்பில் என் பெயரை எரித்து எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து லத்தீப் பாய் பட்டறையில் டீ போடுகிற அடுப்பில் '...கரசி' என்ற பகுதி எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தேன். "யாரோ கொண்டாந்து போட்டுட்டாங்க டீச்சர்" என்றார் பாய், டீயை நீட்டியபடி. இந்த வட்டாரத்தில் திருட்டு அந்த அளவுக்கு மலிந்துபோயிருக்கிறது. ஆப்பு கிடைக்காத ஒரு நாளில் பலாப்பழத்தையே சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துப் பார்த்தோம். அதன் விளைவை நான் விவரிக்கப்போவதில்லை. ஈக்கள் ஆடிப்பெருக்கு வரைக்கும் இருந்தன.

இதற்கிடையில் நான் சும்மா இருக்கவில்லை. பெடலுக்கும் அத்தாயியின் காலுக்கும் நடுவே எடை பார்க்கும் கருவியை வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தேன். முப்பத்தெட்டு கிலோ. மூன்று மணி நேரத்தில் முப்பத்தெட்டு முப்பத்தேழாகக்கூட இறங்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டால் பெடல் இன்னும் கடினமாகும், அப்போதும் இறங்கவில்லை.

"கால் வலிக்கவில்லையா?" என்று ஒருமுறை கேட்டேன். ஆய்வுக்காகத்தான்.

"தலையில பழத்த வச்சுக்கிட்டு நின்னதுக்கு இது என்னங்க டீச்சர். குந்த வச்சல்ல கூலி குடுக்கறீங்க" என்றாள். பிறகு, "புதுசா கை பிரேக் மாட்டப்போறீங்களாங்க?" என்றாள்.

"ஆய்வு முடிந்ததும் யோசிக்க வேண்டும்."

"முடிஞ்சாச்சுங்களா?"

"இல்லை."

"செரிங்க" என்று காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். நாற்பத்தொன்று.

கட்டுரை எழுதினேன், 'நீடித்த நிலை விசையில் மனிதத் தசை' என்று. ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். அத்தாயியின் பெயர் அதில் வரவில்லை. ஆய்வு மரபில் 'பயிற்சி பெற்ற மிதிப்பான்' என்று குறிப்பிட்டேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'ஏன் கை பிரேக் பொருத்தவில்லை?' என்று மதிப்பீட்டாளர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். கட்டுரையை முழுதாகப் படிக்காதவர்.

ஆவணியில் எஃப்.சி. காட்ட வேண்டியிருந்தது. வண்டி தகுதியானது என்று சான்று வாங்காவிட்டால் சாலையில் ஓடக்கூடாது. நாற்பது நாள் முன்னதாகவே கொண்டுபோனோம். ஆய்வாளர் பொறுமையான மனிதர். விளக்கு பார்த்தார், ஹாரன் பார்த்தார், ஓடவிட்டு பிரேக் போடச் சொன்னார். "பிரேக்கு பிரமாதமா இருக்கே, பின்னாடியும் டிஸ்க்கா?" என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பிறகு வண்டியைச் சரிவில் நிறுத்தச் சொன்னார்.

"ஹேண்ட் பிரேக் போட்டுட்டு எல்லாரும் இறங்குங்க."

என் கணவர் லிவரை இழுத்து, 'டர்ர்' என்று சத்தம் வரவழைத்து, இறங்கினார். அத்தாயி ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தாள்.

"அம்மா, நீங்களும் இறங்குங்க."

"நான் எறங்குனா வண்டி எறங்குமுங்க."

"நீங்க யாரு? டிரைவரா?"

"இல்லீங்க. பிரேக்குங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் முன்னால் போய் விளக்கினேன். முப்பத்தெட்டு கிலோ, மூன்று மணி நேரம், எல்லா அட்டவணையையும் காட்டினேன். எந்தக் கம்பிக் கேபிளும் இவ்வளவு சீராகப் பிடிக்காது என்பதை மெய்ப்பித்தேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு அட்டவணையை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"மேடம், எஃப்.சி. முடிய இன்னும் நாப்பது நாள் இருக்கு. ஹேண்ட் பிரேக் மாட்டிட்டு வாங்க. அது ஒண்ணு. இந்தம்மா ஓட்டுநர் சீட்டுல உக்காந்திருக்காங்க. லைசென்ஸ் இல்லாம இனிமே அந்த சீட்டுல பார்த்தேன்னா வண்டியைப் பிடிச்சுருவேன். அது ரெண்டு."

"அவள் ஓட்டுவதே இல்லையே. நிறுத்துவது மட்டும்தான்."

"நிறுத்தறதுக்கும் லைசென்ஸ் வேணும் மேடம்."

வரும் வழியில் நான் அட்டவணையை மறுபடி சரிபார்த்துக்கொண்டு வந்தேன். அத்தாயி கடைசியில், "நாப்பது நாளுக்கு அப்பறம் நான் வேணாமுங்களா?" என்று கேட்டாள். என் கணவர் பட்டறைக்கு வண்டியைத் திருப்பினார். அங்கே பாயும் அவரும் வேப்ப மரத்தடியில் தனியாக நின்று பேசினார்கள். ஆண்கள் பேசினால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, நான் போகவில்லை.

கை பிரேக்கை எப்படிப் பொருத்துவது என்று நான் வடிவமைக்கத் தொடங்கினேன். என் கணவர் அத்தாயிக்குப் பழகுநர் உரிமத்துக்கு எழுதிப்போட்டார். ஆயுதபூஜைக்குச் சுண்டல் வாங்கவே மூன்று நாள் யோசிக்கிறவர், அன்றைக்கே எழுதிப்போட்டார். பழகுநர் உரிமம் வந்து முப்பது நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்ட முடியும். அந்த முப்பது நாளும் விடியற்காலையில் வாரச்சந்தைத் திடலில் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சாலைக் குறியீடுகளை நான் சொல்லிக்கொடுத்தேன். மையவிலக்கு விசையும் சொல்லிக்கொடுத்தேன். "இது கேப்பாங்களா டீச்சர்?" என்றாள். கேட்கவில்லை. அது தேர்வு முறையின் குறை.

இந்த நாற்பது நாளில் பாயிடம் கை பிரேக்கைப் பற்றி எட்டு முறை போய்ப் பேசினேன். புதுப்புதுப் படமாகக் கொண்டுபோனேன். ஒவ்வொரு முறையும் பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குதுங்க. அத்தாயிக்கு எட்டு போட வந்துருச்சுங்களா?" என்றே கேட்டார். திடலில் எட்டு வடிவில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும் இல்லையா, அதைத்தான். முப்பது வருடம் மெக்கானிக், முன்னால் ஒரு முனைவர் நிற்கிறாள், இவருக்கு எட்டுதான் பெரிதாகத் தெரிகிறது. அறிவியல் ஆர்வம் என்பது எல்லோருக்கும் அமைவதில்லை.

முப்பத்தாறாம் நாள் அத்தாயி எட்டு போட்டாள். ஒரே முறையில். நிறுத்தச் சொன்ன கோட்டில் முன்சக்கரம் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றதாம். அதற்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நிறுத்துவதில் அவளுக்கு ஒரு பருவத்துப் பயிற்சி இருந்தது. உரிமத்தை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்தாள். பாய் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கி, புகைப்படத்தைப் பார்த்து, "படத்துல சிரிக்கலாமில்ல புள்ள" என்றார். அவளிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். ஆனியும் ஆடியும் ஆவணியும் போய், அன்றைக்குத்தான் அந்தக் கை மறுபடி மேலே போனது.

"டீச்சருங்க, இப்பக் கேக்கலாமுங்களா?"

"கேளுங்கள் பாய்."

"ஒண்ணே ஒண்ணுதானுங்க. டிரம்மைக் கழட்டிட்டா கை பிரேக் கேபிளை எதுலங்க மாட்டறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொன்ன ஒரு விதிக்காக, ஒரு மனிதர் இத்தனை மாதம் ஒரு கேள்வியை நெஞ்சிலேயே வைத்திருந்திருக்கிறார். என் முதுகலை மாணவன் ஒருவன் தேநீர் இடைவேளைக்குக்கூடக் காத்திருக்கமாட்டான். பதில் சொல்ல நான் படத்தை எடுப்பதற்குள், "எனக்கே ஒண்ணு தோணுதுங்க" என்று ஆணியில் மாட்டியிருந்த கேபிளை எடுத்தார். கியர்ப்பெட்டியிலிருந்து பின்னால் போகிற தண்டில் ஒரு சிறிய டிரம், அதற்கு ஷூ, அதில் கேபிள். எல்லாம் ஒரு சாக்கு மூட்டையில் தயாராக இருந்தது. எப்போது சேர்த்தாரோ. அரை நாளில் முடித்துவிட்டார். நான் வரைந்த எட்டுப் படங்களில் ஐந்தாவது ஏறக்குறைய அதுதான்.

எஃப்.சி. கிடைத்தது. ஆய்வாளர் கை பிரேக்கைப் பார்ப்பதற்கு முன்னால், "லைசென்ஸ் வந்துருச்சாம்மா?" என்று அத்தாயியைக் கேட்டார். முறையாக முதலில் கேட்க வேண்டியது கை பிரேக்கை. போகட்டும்.

வெளியே வந்ததும் என் கணவர் சாவியை அவளிடம் நீட்டினார். "எனக்கு நாப்பத்தி மூணாவது வளைவு வந்தா இன்னும் காலு நடுங்குது அரசி. இந்தப் புள்ள ஓட்டட்டும்" என்றார். அவருக்குக் கால் நடுங்குவது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அத்தாயி ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குக் கற்பித்தவள் என்ற முறையில் எனக்கு இருந்த நிறைவை உங்களிடம் சொல்லத் தேவையில்லை.

வண்டி அவ்வளவுதான். டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறது. கை பிரேக் பிடிக்கும், இழுத்துப் பாருங்கள். இருக்கைக்கு முன்னால் பெடலுக்கு நேர் கீழே தரை கொஞ்சம் தேய்ந்திருக்கும், அது வெறுங்கால் தேய்த்தது. குறைத்துக் கேட்காதீர்கள்.

இப்போது கேள்விகள் கேட்கலாம். என்ன? இவ்வளவு சொன்னதற்கு, அத்தாயி இப்போது எங்கே என்ற ஒரு கேள்விதானா? சரி.

அத்தாயி எங்கள் வண்டியை மூன்று பருவம் ஓட்டினாள். போன தை மாதம் மகளிர் குழுவில் கடன் எடுத்து, பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கினாள். பின்சக்கரத்தில் டிரம்தான். மாற்றச் சொல்லிப் படம் வரைந்து கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள், மாற்றவில்லை. கீழ் கியரில் இறங்குகிறாள், நான்கு வளைவுகளில் நின்று ஆறவிட்டு இறங்குகிறாள். சந்தையில் பெண்கள் அவள் வண்டிக்குத்தான் முதலில் பாரம் ஏற்றுகிறார்கள், அதனால்தான் எங்கள் வண்டி இங்கே நிற்கிறது. மூத்த மகள் நாமக்கல்லில் செவிலியர் படிப்பு முதலாம் ஆண்டு. இடது தோள் சரியாகவில்லை. கியர் போட வருகிறது; கை பிரேக்கை இழுத்துப் பிடிக்க வரவில்லை. என் கணவர் தினமும் காலையில் போய் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்துகொள்கிறார். சரிவில் நிறுத்தும்போது அவர் இழுக்கிறார்.